பக்கத்தில் உட்கார்ந்தவர்

அந்த ஆன்ட்டிக்கு வலது காது மந்தம். அதனால் யாரோடு பேச வந்தாலும் அவர்களுடைய வலது கைப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அப்போதுதான் நல்ல காது நம் வாய்க்கு அருகே இருக்கும். சோபாவில் அந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால், "கொஞ்சம் தள்ளிக்க சாமி" என்று எழுப்பிவிட்டு உட்காருவார். உட்கார்ந்ததும் நம் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ம், சொல்லு கண்ணு" என்பார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவரிடம் எதையும் மறைத்து வைப்பது கஷ்டம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டியில் இருக்கும் தமிழர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்கு எந்தப் பெயராக இருந்தால் என்ன.

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். நாங்கள் டெக்சஸுக்கு வந்து சேர்ந்தபோதே அவர் இங்கே பழம் தின்று கொட்டை போட்டிருந்தார். அங்கிள் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். அதிகம் பேசாதவர், பேச வேண்டியதையெல்லாம் ஆன்ட்டி பேசிவிடுவார். சுங்குடிப் புடவையும் அதற்குக் கீழே ஓட்டத்துக்குப் போடுகிற ஷூவுமாக ஆன்ட்டி தெருத் தெருவாக நடப்பதைப் பார்த்து, எங்கள் அமெரிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை என்னிடம், "இவர் ஏதாவது கோயிலைச் சேர்ந்தவரா?" என்று கேட்டார். இல்லை, எலெக்‌ஷன் வருகிறது என்றேன்.

எலெக்‌ஷன் வந்துவிட்டால் அவர் வீட்டில் இருக்க மாட்டார். சிட்டிசன் ஆனவர், ஆகப்போகிறவர், எப்போதுமே ஆக முடியாமல் வரிசையில் நிற்பவர் என்ற வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை. எல்லார் வீட்டிலும் நுழைந்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"உனக்கு எது கண்ணு மொதக் கவலை?"

வீட்டு வரி ஏறிக்கொண்டே போகிறது என்பார் ஒருவர். பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிக்காரன் நுழைந்தால் எந்த மேஜைக்குக் கீழே ஒளிவது என்று பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், அதை அது வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுகிறது என்பாள் ஒருத்தி. இன்னொருவருக்குக் கரண்ட். இன்னொருவருக்கு மருத்துவச் செலவு. எதைச் சொன்னாலும் ஆன்ட்டியின் முகம் அதற்கேற்ற மாதிரி சுருங்கும். "அதுதான் பெரிய விசயம்" என்பார். கிளம்பும்போது வாசலில் நின்று மறுபடியும், "நீ சொன்னதுதான் கண்ணு மொத விசயம், நான் மறக்க மாட்டேன்" என்பார். ஒவ்வொரு வாசலிலும் இதைச் சொல்லியிருப்பார் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு பொங்கலன்று நானே கேட்டேன். தமிழ்ச் சங்கச் சாப்பாட்டில் நான் சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். வீடு கட்டி விற்கிற ஒரு அங்கிள் ஆன்ட்டியிடம் புலம்பிக்கொண்டிருந்தார். கூரை போடுகிற ஆட்கள் பயந்துகொண்டு வேலைக்கே வருவதில்லையாம், எல்லாரும் எல்லையைத் தாண்டி வந்த ஏழைகளாம், அவர்களை இப்படித் துரத்தினால் இந்த ஊரில் ஒரு சுவர் எழும்பாதாம். ஆன்ட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், அவிங்களும் பொழைக்கத்தான வந்தாங்க. நம்மள மாதிரிதான்" என்றார்.

நான் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவதற்குள் அவர் பக்கத்தில் வேறொருவர் இருந்தார். கிரீன் கார்டுக்காகப் பல வருஷமாகக் காத்திருப்பவர். "நாம வரி கட்டி, லைன்ல நின்னு, சட்டப்படி இருக்கோம் ஆன்ட்டி. அவங்க ஆத்துல இறங்கி நடந்து வந்துடறாங்க" என்று கொதித்தார். ஆன்ட்டி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "நாயந்தானே சாமி. பார்டரக் கெட்டியா மூடோணும். அப்பத்தான் நமக்கு வழி பொறக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டு எடுக்க வந்தவரை ஓரமாக நிறுத்தி, "ஆன்ட்டி, நீங்க எந்தக் கட்சி?" என்றேன்.

அவரும் சிரித்தார். "பக்கத்துல உக்காந்தவங்க மனசு நோகக் கூடாது. அவ்வளவுதான் கண்ணு என்ற கட்சி."

அன்றைக்கு அது எனக்கு அழகான பதிலாகத்தான் பட்டது.

அழகாகப் பட்டதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு அவர் செய்ததைப் பிறந்த வீட்டில்கூடச் செய்யவில்லை. கதிருக்கு, என் கணவருக்கு, அப்போது எச்1பி விசாதான். ஒரு விடுமுறைக்கு ஆன்ட்டியின் வேனில் எல்லாரும் மெக்சிகோ எல்லையை ஒட்டிய சவுத் பாட்ரே தீவுக்குப் போனோம். எங்கள் பெண் நிலா அப்போது கைக்குழந்தை. கடலில் குளித்து, மணலோடு வேனில் ஏறித் திரும்பும்போது, பாதி வழியில் எல்லைக் காவல்காரர்களின் சோதனைச் சாவடி. நாங்கள் நாட்டைவிட்டு எங்கேயும் போகவில்லை, டெக்சஸுக்குள்ளேதான் இருந்தோம். ஆனாலும் வடக்கே போகிற ஒவ்வொரு வண்டியையும் அங்கே நிறுத்திக் கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

"எல்லாரும் அமெரிக்கக் குடிமக்களா?" என்று குனிந்து கேட்டார் அதிகாரி. ஆன்ட்டியும் அங்கிளும் ஆமாம் என்றார்கள். நானும் கதிரும் முழித்தோம். பாஸ்போர்ட் கேட்டி வீட்டு அலமாரியில் இருந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, எங்களை மட்டும் இறக்கினார்கள். அதிகாரி எங்கள் விவரங்களை எழுதிக்கொண்டு உள்ளே போனார். வெயில் தார்ச்சாலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. நிலா வீறிட்டு அழுதாள்.

அங்கிள் வண்டிக்குள் இருந்தபடியே, "நேரமாகும் போல. நாம போயி அடுத்த ஊர்ல எதாச்சும் சாப்புட்டு வந்தரலாமே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்குச் சர்க்கரை. ஆன்ட்டி பதிலே சொல்லாமல் இறங்கி வந்தார். சிமென்ட் விளிம்பில் என் வலது பக்கத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரித்துக் குழந்தைக்கு நிழல் பிடித்தார். "பயப்படாத. நீங்க வராம இந்த வண்டி நகராது" என்றார்.

கம்ப்யூட்டரில் எங்கள் பெயர் கிடைத்து, "அடுத்தமுறை பேப்பர் எடுத்து வாருங்கள்" என்று விட்டுவிட்டார்கள். வேனில் ஏறும்போது ஆன்ட்டி அந்த அதிகாரியிடம் போய், "நீங்கள் செய்வது சரியான வேலை, இப்படிக் கண்டிப்பாகத்தான் இருக்க வேண்டும்" என்று இங்கிலீஷில் சொல்லிக் கைகுலுக்கினார். வண்டி கிளம்பியதும் எங்களிடம், "என்ன அக்கிரமம் பாரு, பச்சப் புள்ளைய வெயில்ல நிறுத்திப்போட்டானுக" என்றார். கதிர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு ஒரு பிப்ரவரியில் டெக்சஸ் முழுக்கப் பனி கொட்டிக் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் எல்லாமே மின்சாரம். ஹாலிலேயே மூச்சு புகையாக வந்தது. ஆன்ட்டி வீட்டில் கேஸ் அடுப்பு. அவர் அங்கிளை அனுப்பி எங்களையும் இன்னும் சில குடும்பங்களையும் அள்ளிக்கொண்டு போனார். அடுப்பைச் சுற்றித்தான் வாழ்ந்தோம். ரசம் கொதித்துக்கொண்டே இருந்தது. ஆன்ட்டி ஒவ்வொருவர் பக்கத்திலும் மாறி மாறி உட்கார்ந்து, இந்தக் கவர்மென்டை யார் கேள்வி கேட்பது, நம்மில் ஒரு ஆள் உள்ளே இருந்தால் இப்படி விடுவார்களா என்று பேசினார். நம்மில் ஒரு ஆள் உள்ளே. அந்த ஆசை அங்கேதான் அவருக்குள் புகுந்திருக்க வேண்டும். அல்லது முன்பே இருந்து அன்றைக்குத்தான் எங்கள் காதில் விழுந்திருக்கலாம்.

எங்களுக்குக் குடியுரிமை கிடைத்ததும் முதல் ஓட்டுக்கு அவர்தான் கூட்டிப்போனார். 'ஓட்டுப் போட்டேன்' என்கிற ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிவிட்டு, என்னையும் கதிரையும் நிறுத்தி வைத்துப் போட்டோ எடுத்தார். அடுத்த வருஷம் நான் இரண்டாவது முறையாகக் கர்ப்பமானேன்.

நிலாவுக்கும் அதற்கும் நடுவே நிறைய வருஷம் போயிருந்தது. விசாவுக்காகத் தள்ளிப்போட்டு, வீட்டுக்காகத் தள்ளிப்போட்டு, பிறகு வேண்டுமென்றபோது வராமல் இருந்து வந்தது. ஐந்தாவது மாதம் தொடங்கிய ஒரு காலையில், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. கதிர் ஆபீஸ் வேலையாக நியூ ஜெர்சி போயிருந்தார். நான் ஆன்ட்டியைத்தான் கூப்பிட்டேன். அவர் நிலாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அங்கிளை அனுப்பிவிட்டு, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஸ்கேன் எடுத்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். குழந்தை பிழைக்க வழியே இல்லை என்றார். ஆனால் இதயம் துடிக்கிறது. துடிக்கும்வரை கருவைக் கலைக்க டெக்சஸ் சட்டத்தில் இடமில்லை, தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன், பாதிதான் புரிந்தது. ஆன்ட்டி அவர் பின்னாலேயே நடைவழிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்து கட்டிலின் வலது பக்கம் உட்கார்ந்தார்.

"என்ன ஆன்ட்டி சொன்னாங்க?"

"உனக்குக் காச்சல் வரோணுமாம் கண்ணு. உன்ற உசுருக்கு ஆபத்துன்னு ஆனாத்தான் தொடுவாங்களாம். இப்பத் தொட்டா அந்தப் புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பீருவாங்களாம்." அந்தப் புள்ளை என்று அவர் சொன்னது டாக்டரை. "அவளும் அழுவறா."

எனக்குக் காய்ச்சல் வருவதற்காக நாங்கள் காத்திருந்தோம். அந்த வாக்கியத்தை இத்தனை நாளுக்குப் பிறகும் வேறு விதமாக எழுதத் தெரியவில்லை. நர்ஸ் வந்து உடல் சூட்டைப் பார்ப்பாள், இன்னும் இல்லை என்பாள், போவாள். ஆன்ட்டி என் கையை விடவில்லை. மறுநாள் குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போட்டபோது அவர்தான் ஓடிப்போய்க் கத்தினார். அதற்குப் பிறகு எல்லாரும் வேகமாக ஓடினார்கள். நான் கண்விழித்தபோது கதிர் வந்திருந்தார். கிருமி கர்ப்பப்பைவரை போய்விட்டது, இனி எனக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பு இல்லை என்பதை டாக்டர் கதிரிடமும் ஆன்ட்டியிடமும்தான் முதலில் சொன்னார்.

ஆன்ட்டி என் நெற்றியைத் தடவி, "இத நான் உட மாட்டேன் சாமி. நாலு பேரு முன்னால நின்னு சொல்லுவேன். என்ற கண்ணால பாத்தேன்" என்றார். பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். நிலாவுக்குத் தலை பின்னி அனுப்பினார். நானாக வாய்திறந்து யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லாமல் வருகிறவர்களை வாசலிலேயே பேசித் திருப்பி அனுப்பினார். எனக்காக ஒருவர் பேசுவார் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அடுத்த தேர்தலில் எங்கள் பகுதியிலிருந்து மாநிலச் சட்டசபைக்கு நின்றவர்களில் ஒருவர், அமெரிக்கக் கட்டட வியாபாரி. பூட்ஸும் அகலத் தொப்பியுமாக இருப்பார். அவருக்காகத் தமிழ் வீடுகளை ஆன்ட்டி திரட்டுகிறார் என்று கேள்விப்பட்டோம். எல்லை, வீட்டு வரி, பள்ளிக்கூடம் என்று அவருடைய துண்டுப் பிரசுரத்தில் எல்லாமே இருந்தன. எந்தச் சட்டம் என்னைக் காய்ச்சலுக்காகக் காத்திருக்க வைத்ததோ, அதை ஒரு எழுத்துகூட மாற்ற விடமாட்டேன் என்பதும் இருந்தது. கதிர் அதைக் காட்டினார். "ஆன்ட்டி அவர்கிட்ட சொல்லுவாங்க. அதுக்குத்தான் அவர்கூடப் போறாங்க" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

எங்கள் குடியிருப்பின் பொது ஹாலில் கூட்டம். ஆன்ட்டியே போன் பண்ணி, "நீ கட்டாயம் வரோணும், முன்னால உக்காரு" என்றார். போனோம். மேடையில் வேட்பாளரின் வலது பக்கத்தில் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கற்றுக்கொடுத்த "வணக்கம்" என்ற சொல்லை அந்த மனிதர் உடைத்து உடைத்துச் சொன்னார், ஹால் கைதட்டியது. எல்லையைப் பற்றிப் பேசினார். வரியைப் பற்றிப் பேசினார். பிறகு கேள்வி நேரம்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பவித்ரா என்று பிறகு தெரிந்துகொண்டேன். கல்யாணமாகிப் புதிதாக வந்தவள். "என்னால் ஓட்டுப் போட முடியாது, விசாவில் இருக்கிறேன். ஆனாலும் கேட்கலாமா?" என்று தொடங்கினாள். "கர்ப்பத்தில் ஏதாவது தப்பாகப் போனால் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்ப்பார்களா?"

வேட்பாளர் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி மைக்கைக் கையில் எடுத்தார். இதோ, நாலு பேர் முன்னால் சொல்லப்போகிறார் என்று கதிரின் கையைப் பிடித்தேன்.

"இப்படிப் பயமுறுத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார் ஆன்ட்டி. "நான் கேட்டதைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். என் மகள் மாதிரி ஒரு பெண். அவளுக்கு அப்படி ஆனபோது கூடவே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன நிமிஷத்திலிருந்து டாக்டர்கள் அவளைத் தாங்கினார்கள். எந்தச் சட்டமும் அவர்கள் கையைக் கட்டவில்லை. இன்றைக்கு ஆரோக்கியமாக, இதோ, உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்."

கையை நீட்டி என்னைக் காட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின. என் வயிற்றில் நடந்தது என்னவென்று அந்த ஹாலில் என்னைத் தவிர இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்தது, தப்பாகத் தெரிந்தது.

நான் எழுந்தேன். "ஆன்ட்டி, அப்படி நடக்கலை" என்றேன். என்னிடம் மைக் இல்லை. முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். "அவங்க காத்திருந்தாங்க. எனக்குக் காய்ச்சல் வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க. நீங்கதானே எனக்குச் சொன்னீங்க!"

ஆன்ட்டி என்னையே பார்த்தார். கண்ணில் கோபமில்லை, இளக்கம்தான் இருந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோய், "பாவம், இன்னும் மனது ஆறவில்லை. ஒரு தாய்க்கு அந்தத் துக்கம் போகாது. அவளுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் கைதட்டுங்கள்" என்றார்.

கை தட்டினார்கள். எனக்கு ஆறுதலாக, மனதாரத் தட்டினார்கள். பக்கத்து இருக்கைப் பெண் என் தோளை அணைத்துக்கொண்டாள். அந்தக் கைதட்டலுக்கு மேலே பேச எனக்குக் குரல் இல்லை. கதிர் என்னை வெளியே கூட்டிவந்து, காரின் கதவைத் திறந்துவிட்டு, ஏறாமல் அப்படியே நின்றார்.

மறுநாள் காலை ஆன்ட்டி வீட்டுக்கு வந்தார். தூக்கில் சுண்டக்காய்க் குழம்பு, எனக்குப் பிடிக்கும் என்று. என் வலது பக்கத்தில் உட்கார வந்தார். நான் எழுந்து எதிரே உட்கார்ந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும் ஆன்ட்டி."

"தெரியுங் கண்ணு."

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"சத்தமாப் பேசு கண்ணு, கேக்கல."

மறுபடியும் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். "இந்த மனுசன் எப்படியும் ஜெயிச்சுருவான். உள்ள நமக்கு ஒரு ஆளு வேணுமில்ல? நாளைக்கு ஒருத்தன் பார்டர்காரன்கிட்ட மாட்டிக்கிட்டா யாரக் கூப்புடறது? கரண்ட் போனா யாரக் கேக்கறது? இந்த ஒரு விசயத்துல அவர எதுத்தா அத்தனையும் போயிரும். அவரு உள்ள போகட்டும். அப்பறம் நான் காதுல போடறேன்."

"சரி, அவருக்கு ஓட்டுக் கேளுங்க. என் கதையை ஏன் எடுத்தீங்க?"

"வேற யாரு கதையச் சொன்னா நம்புவாங்க கண்ணு? உன்றகூட நான் இருந்தன்ல" என்றார்.

அவர் அதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. சமையலில் எதற்கு எது சேர்க்க வேண்டும் என்று சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, "நீ இப்ப உசுரோடதான இருக்கற? நல்லாத்தான இருக்கற? அதத்தான நான் சொன்னேன்" என்றார்.

வாசலில் நின்றிருந்த கதிர், "ஆன்ட்டி, கிளம்புங்க" என்றார். அவரிடம் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஆன்ட்டி எழுந்தார். தூக்கை மேஜையிலேயே வைத்துவிட்டு, ஷூவின் நாடாவைக் குனிந்து கட்டிக்கொண்டு, "கோவம் தீந்ததும் கூப்புடு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மனிதர் ஜெயித்தார். ஆன்ட்டிக்கு அவருடைய அலுவலகத்தில், நம் ஆட்களுக்கும் அவருக்கும் நடுவே பேசுகிற ஒரு பொறுப்பு. வாட்ஸப் குழுவில் போட்டோ வந்தது. வாழ்த்துகள் குவிந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு பேருக்கு விசா விஷயத்தில் அவர் கடிதம் வாங்கிக் கொடுத்து உதவியிருக்கிறார். சட்டம் அப்படியே இருந்தது. அவர் யார் காதிலாவது எதையாவது போட்டாரா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு நடந்தது மட்டும் என் கையைவிட்டுப் போய்விட்டது. மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து, "டிவியில என்னென்னமோ சொல்றாங்க. ஆனா உங்களை நல்லாப் பாத்துக்கிட்டாங்களாமே, அன்னிக்கு ஆன்ட்டி சொன்னாங்கல்ல" என்றாள். இல்லை, அப்படியில்லை என்று நான் முழுவதும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நீங்க அப்ப மயக்கத்துல இருந்திருப்பீங்க. ஆன்ட்டிதானே எல்லாத்தையும் பாத்தது?" என்றாள். இப்படி எத்தனையோ பேர். என் உடம்பில் நடந்ததற்கு என்னைவிட அவர் நம்பகமான சாட்சியாகிவிட்டார்.

போன வருஷம் ஒரு மதியம் எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். பவித்ரா. கூட்டத்தில் கேள்வி கேட்ட அதே பெண். என் எண்ணை யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, எனக்கு நாலு மாசம் முடிஞ்சிருக்கு. காலையில தண்ணிக்குடம் உடைஞ்சிடுச்சு. ஹாஸ்பிட்டல்ல பாத்துட்டு, ஹார்ட் பீட் இருக்கு, வீட்டுக்குப் போயி வெய்ட் பண்ணுங்க, ஃபீவர் வந்தா வாங்கன்னு அனுப்பிட்டாங்க. ஆன்ட்டிக்குப் போன் பண்ணேன். ஒண்ணும் ஆகாது, உங்களுக்கும் இப்படித்தான் ஆச்சு, நல்லாப் பாத்துக்கிட்டாங்கன்னு சொன்னாங்க. உங்ககிட்ட ஒருதடவை கேட்டுடலாம்னு…"

"பவித்ரா, உக்காந்துக்கோ" என்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். நான் அழவில்லை. அவள்தான் அழுதாள். "அப்போ ஆன்ட்டி பொய்யா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் தயங்கினேன். என் குழந்தைக்கு வெயிலில் நிழல் பிடித்த கை அது. ஆனால் போனின் அந்தப் பக்கத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்துகொண்டிருக்கலாம்.

"ஆமா" என்றேன். "பொய்தான் சொன்னாங்க."

அவளுடைய அண்ணன் நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தார், அந்த மாநிலத்தில் இப்படியொரு சட்டம் கிடையாது. அவர் அங்கே ஒரு டாக்டரைப் பிடித்துப் பேசினார். இங்கே காத்திருப்பதைவிட உடனே கிளம்பி வருவது நல்லது, வழியில் காய்ச்சல் வந்தால் இறங்கின இடத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று சொன்னார்களாம். பவித்ராவின் கணவன் கார் ஓட்டும் நிலையில் இல்லை. கதிர் என்னிடம், "நாம கொண்டுபோய் விட்டா, கலைக்க உதவினோம்னு நமக்கு ஏதாவது கேஸ் கீஸ் வருமா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டேதான் சாவியை எடுத்தார். நாங்கள் நால்வரும் ஃப்ரீவேயில் விமான நிலையத்துக்குப் போனோம். பின் சீட்டில் நான் அவளுடைய நெற்றியில் கை வைத்துக்கொண்டே வந்தேன். சூடில்லை, சூடில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அன்றைக்கு இரவே அங்கே அவளைச் சேர்த்து, காத்திருக்க வைக்காமல் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். குழந்தை இல்லை. அவள் இருந்தாள். கிருமி எதுவும் பரவவில்லை, பின்னால் குழந்தை பெறுவதில் ஒன்றும் தடையிருக்காது என்று சொன்னார்கள் என அவள் அண்ணன் செய்தி அனுப்பினார். அதை நானும் கதிரும் மாறி மாறிப் படித்தோம். பிறகு நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் ஆன்ட்டி கூப்பிட்டார். குழம்போடு வந்த அந்தக் காலைக்குப் பிறகு அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் போன். எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன்.

"கண்ணு, எப்படி இருக்கற? அந்தப் பவித்ராப் புள்ளைக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாமே. ஒரு ஆபத்தும் இல்லையாமே. நான் அவகிட்ட மொதல்லயே சொன்னேன், இங்க டாக்டருங்க பாத்துக்குவாங்கன்னு. நம்ம ஆளுககிட்டச் சொல்லோணும். வீணாப் பயந்துக்கிட்டுக் கெடக்கறாங்க."

அவர் குரலில் உண்மையான நிம்மதி இருந்தது. அடுத்த மேடையில் அவர் என்ன சொல்வார் என்று எனக்கு அப்போதே காதில் கேட்டது.

"ஆன்ட்டி, பவித்ரா இங்க இல்லை" என்றேன். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "இங்க காய்ச்சல் வந்தா வான்னு அனுப்பிட்டாங்க. நியூ ஜெர்சிக்கு ஃப்ளைட் ஏத்தி அனுப்பினோம். அங்கதான் காப்பாத்தினாங்க."

காதில் விழவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேசினார். ஆஸ்பத்திரியில் என் நெற்றியைத் தடவியபோது இருந்த அதே மெல்லிய குரல்.

"அத நீ யாருகிட்டயும் சொல்லிராத கண்ணு."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன் ஆன்ட்டி" என்றேன்.